நாற்பத்தொரு ஒட்டுப்போர்வைகள்

பவுனுத்தாயின் போர்வையை நான்கு ஆண்கள் சேர்ந்தும் தூக்க முடியாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பு, பஞ்சுக்கிடங்கு வீதியின் பதினெட்டு லைன் வீடுகளில் குடியிருந்த நாங்கள் அவளைத் துணிக்கிறுக்குப் பிடித்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அப்படிச் சொன்னதாக எங்களில் ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு திருப்பூருக்கு வந்து, எங்கள் வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அங்கே துணியை அடுக்கடுக்காக விரித்து, சட்டையின் உடம்பையும் கையையும் கழுத்தையும் வெட்டி எடுத்தபின் மிச்சமாகிற துண்டுகளில் பெரியதெல்லாம் வேஸ்ட் வியாபாரிக்குப் போகும். உள்ளங்கையைவிடச் சிறியது குப்பை. அந்தக் குப்பையைத்தான் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு, சனிக்கிழமைதோறும் ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தாள், ஒரு சனிக்கிழமையும் தவறாமல், பதினோரு வருஷம்.

கொண்டுவந்ததை அப்படியே கொட்டிவைக்கிற ஆள் அவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் ஊறவைப்பாள். சாயம் போகிற துண்டை உப்புத் தண்ணீரில் தனியாகப் போட்டு, அது தன் கலரை விட்டு முடிக்கும்வரை நாலு தண்ணீர் மாற்றுவாள். பிறகு மொட்டைமாடியில் சுருங்கச் சுருங்கக் காயவிட்டு, மடியில் வைத்து நீவி, இழுத்தால் நீள்கிறது ஒரு பக்கம், நீளாதது ஒரு பக்கம், அதற்குள் கலர் கலராக, அந்தக் கலருக்குள்ளும் விடிகாலை நீலம் வேறு உச்சிவெயில் நீலம் வேறு என்று பிரித்து அரிசிச் சாக்குகளில் நிரப்புவாள். பத்துக்குப் பத்து அறையில் அந்தச் சாக்குகள் கட்டிலுக்கடியில் நிறைந்து, பரணில் நிறைந்து, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கி, கடைசியில் பொங்கல் பானைக்குள்ளும் புகுந்துகொண்டன. அவள் புருஷன் காசிமாயன் ஊரிலேயே பேர் போன லோடுமேன், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அந்த ஆள் தன் வீட்டுக்குள்ளேயே குனிந்து, ஒருக்களித்து, மூச்சை உள்ளிழுத்துத்தான் நடமாடினான்.

"ஏய் பவுனு, ஒண்ணு இந்தத் துணியைத் தச்சுத் தொலை, இல்ல என்னைத் தச்சு ஒரு சாக்குல போட்டுத் தொங்கவிடு."

"தைப்பேன்."

"எப்ப?"

"அதுக்கு ஒரு வேளை வரணும்ல."

உண்மையில் அவளுக்கு மனசு வரவில்லை. சேர்க்கச் சேர்க்க வெட்டுவதற்குக் கை கூசியது. ஒவ்வொரு துண்டும் இதைவிட நல்ல இடம் ஒன்றுக்காகக் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அதை எடுத்து ஏதோ ஒரு மூலையில் வைத்துத் தைத்துவிட்டால் அதற்கு அப்புறம் அது வேறெதுவாகவும் ஆக முடியாதே என்று நினைத்து, எடுத்ததை மறுபடி மடித்துச் சாக்குக்குள்ளேயே வைத்துவிடுவாள். பதினோரு வருஷத்தில் அவள் தைத்து முடித்தது இரண்டே இரண்டு போர்வைகள். மேலே கலர்த் துண்டுகள், நடுவில் பனியன் வேஸ்ட், அடியில் காசிமாயனின் பழைய வேட்டி, மூன்றையும் சேர்த்துக் கையால் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய தையல். நாங்கள் அதை ஒட்டுப்போர்வை என்றோம்.

அந்த இரண்டில் ஒன்றைத்தான் ஐந்தாம் வீட்டு அமுதசெல்விக்குக் காய்ச்சல் கண்டபோது போர்த்திவிட்டாள். அமுதசெல்வி அரியலூர்ப் பக்கத்துப் பெண், இருபத்துநாலு வயது, அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வேறு சாதிப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு இங்கே வந்து ஒளிந்திருந்தவள். எட்டு மாதம் கழித்து எப்படியோ விலாசம் கிடைத்து, அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, புருஷன் சாயப்பட்டறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் அப்பாவும் மூன்று சித்தப்பாக்களும் வேனில் வந்து இறங்கினார்கள்.

அவளைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்த பவுனுத்தாய் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்று தடுத்தாள். தள்ளிவிட்டார்கள். கஞ்சி அவள் சேலையில் கொட்டியது.

"எழுந்திரு புள்ள. ஊருக்குப் போவலாம்," என்றார் அப்பா.

"வரல," என்றாள் அமுதசெல்வி, போர்வைக்குள்ளிருந்து.

"உன்ன யாரு கேட்டா? தூக்குங்கடா."

ஒருவர் காலைப் பிடித்தார், இருவர் தோளைப் பிடித்தார்கள், அப்பா போர்வையோடு சேர்த்து இடுப்பைப் பிடித்தார். ஒன்று இரண்டு மூன்று என்று தூக்கினார்கள். காய்ச்சலில் வற்றி முருங்கைக்காய் மாதிரி கிடந்த பெண் ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. மறுபடி தூக்கினார்கள். போர்வையையாவது உருவி எறியலாம் என்று இழுத்தார்கள். அது பாறையில் படிந்த பாசியைப் போல அவள்மேல் அப்படியே கிடந்தது. ஒரு சித்தப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாங்கள் பதினேழு வீட்டுக்காரர்களும் வாசலில் கூடிவிட்டோம். அப்போது அமுதசெல்வி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள், போர்வையை ஒரு கையால், ஏதோ பூவைப் போல, தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள், செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், மறுபடி படுத்தாள்.

"அப்பா, வெயிலா இருக்கு. வேன்ல தண்ணி இருக்கா உங்களுக்கு? இல்லன்னா எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

அவர் மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் வேனின் படியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து வேன் போய்விட்டது.

போர்வைக்குள் இருப்பவர் தானாக அசையலாம், அடுத்தவர் அசைக்க முடியாது. பொருளின் மேல் போர்த்தினால், போர்த்திய கையேதான் எடுக்க வேண்டும். இவ்வளவும் எங்களுக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. ஏன் அப்படி என்று நாங்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வருகிறது என்பதை எப்படி ஏற்றுக்கொண்டிருந்தோமோ அப்படியே இதையும் ஏற்றுக்கொண்டோம். பவுனுத்தாயிடம் கேட்டபோது மட்டும், கூட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஒருதடவை தூக்கி எறிஞ்சது அது. இன்னொரு தடவை யாரு தூக்குனாலும் வருமா?"

ஏற்றுக்கொண்ட பிறகு பயன்படுத்தத் தொடங்கினோம், எல்லோரையும் போலவே அற்ப காரியங்களுக்கு. மூன்றாம் வீட்டுக்காரி குழாய்க்கு நேர்கீழே வைத்த தன் குடத்தின் மேல் போர்வையைப் போட்டு இடம் பிடித்தாள். அந்தக் குடத்தை யாராலும் நகர்த்த முடியாமல் வரிசையே அங்கேயே நின்றுபோனது, அவள் சினிமாவுக்குப் போய்த் திரும்பிவரும்வரை தெருவே தண்ணீரில்லாமல் தவித்தது, அன்றோடு குடத்துக்குப் போர்வை கிடையாது என்று தீர்மானம் போட்டோம். பன்னிரண்டாம் வீட்டுக்காரர் திங்கட்கிழமைதோறும் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தார், அவர் பெண்டாட்டி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து தன் மாமியார் வீட்டுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள், அவர் தானாக எழுந்து வேலைக்குப் போனார். மாறுதல் உத்தரவு வந்த ஓர் ஏட்டையா மூன்று நாள் இரவல் வாங்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் தன் நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். உத்தரவு அவரை விட்டுவிட்டு அவருடைய பீரோவை மட்டும் மாற்றியது. போர்வை கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். இருப்பது இரண்டுதான் என்று பவுனுத்தாய் திருப்பி அனுப்பினாள். உத்தரத்தில் தொங்கிய சாக்குகளை வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் விளக்கை அணைத்தாள்.

இப்படியே ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் மாலை காசிமாயன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"விஜயதசமி அன்னைக்குப் பெரிய லோடு ஒண்ணு பேசியிருக்கேன். மூணு லாரி. நாப்பத்தோரு மெஷின்."

"எந்தக் கம்பெனியில?"

அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் கம்பெனியிலங்க?"

"ஒங்க கம்பெனிதான். வேற மாநிலத்துக்குப் போகுதாம். ஆயுத பூஜை லீவு விடுவாங்கள்ல, ஆளுக இல்லாத நேரமா எடுத்துரணுமாம். லீவு முடிஞ்சு நீங்க வரும்போது கதவுல பூட்டுத்தான் இருக்கும். சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் லோடு குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு," என்றான் காசிமாயன். அவன் அப்படி எதையும் வாய் தவறிச் சொல்கிற ஆள் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விஜயதசமிக்குப் பத்து நாள் இருந்தது. மறுநாள் மாலை ஷிப்ட் முடிந்ததும் நாற்பத்தொரு டெய்லர்களும் எங்கள் வீதிக்கு வந்தார்கள், பாதிப் பேர் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள்தான், மிச்சப் பேர் பக்கத்துத் தெருக்கள். கொஞ்சம் அழுதார்கள், நிறையத் திட்டினார்கள். அமுதசெல்விதான் எழுந்து நின்று சொன்னாள்:

"நாலு ஆம்பளைங்களால என்னையே தூக்க முடியல. மெஷினை மட்டும் தூக்கிருவாங்களா?"

எல்லோரும் பவுனுத்தாயைப் பார்த்தார்கள். இரண்டு போர்வைகள், நாற்பத்தொரு மெஷின்கள். பவுனுத்தாய் தன் வீட்டு வாசலில், கதவை முதுகால் அடைத்தபடி நின்றாள். அவளுக்கு டெய்லர் வேலைகூடக் கிடையாது, அவள் கூட்டுகிறவள், ஊரில் எந்தக் கம்பெனியிலும் விளக்குமாறு இருந்தது. நாங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்கப் போவது அவள் பதினோரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் என்பது எங்களுக்கே தெரிந்திருந்தது. பிறகு அவள் திரும்பி உள்ளே போனாள். அரிவாள்மனையால் கயிற்றை அறுக்கிற சத்தம் கேட்டது. முதல் சாக்கு தரையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவளே இழுத்துவந்து வீதியில் கவிழ்த்தாள், சிவப்பு ஒரு மேடு, மஞ்சள் ஒரு மேடு, பச்சை ஒரு மேடு, பாதி முகம் மட்டும் அச்சாகியிருந்த கரடிகள் ஒரு மேடு, ஏதோ நாட்டு எழுத்துகள் ஒரு மேடு, விடிகாலை நீலமும் உச்சிவெயில் நீலமும் தனித்தனி மேடு, வீதி நடக்க இடமில்லாமல் போனது, பால்காரர் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடந்தார்.

"எடுங்கடி," என்றாள்.

பகலில் கம்பெனியில் அயல்நாட்டுக்காரர்களுக்குச் சட்டை தைத்தார்கள், மாலையில் வீதியில் உட்கார்ந்து தங்கள் மெஷினுக்குப் போர்வை தைத்தார்கள். மெஷின் அளவுதான் என்பதால் சின்னப் போர்வைகள். ஆண்கள் வேட்டிகளைக் கொடுத்தார்கள், பன்னிரண்டாம் வீட்டுக்காரர் கட்டியிருந்ததையே கொடுத்துவிட்டு லுங்கியில் நின்றார். பவுனுத்தாய் மட்டும் ஒரு தையலும் போடவில்லை, ஒவ்வொரு வட்டமாகப் போய்க் குனிந்து பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள்.

"அந்த மஞ்சளை அந்தப் பச்சைகூட வைக்காத. ரெண்டும் சண்டை போடுது பாரு."

"அக்கா, மெஷினுக்குக் கலர் தெரியுமா?" என்றாள் ஒருத்தி.

"எனக்குத் தெரியும்ல. பிரி."

பிரித்தார்கள். அவசரத்தில் தைத்த போர்வைகள் என்று அவற்றைப் பார்த்த யாரும் சொல்ல முடியாது, ஒவ்வொன்றையும் அவள் பிரிக்கவைத்துப் பிரிக்கவைத்துத்தான் விட்டாள். நல்லதுக்கு என்று பத்திரப்படுத்திய துண்டுகளைத் தன் கையாலேயே எடுத்து வெட்டிக் கொடுத்தாள். முதல் நாள் வெட்டும்போது உதட்டைக் கடித்தாள், நாலாம் நாள் பாட்டு முணுமுணுத்தாள். எட்டாம் நாள் நாற்பத்தொன்றாவது போர்வை முடிந்தபோது வீதி வெறிச்சென்று இருந்தது. ஓர் உள்ளங்கைத் துணி மிச்சமில்லை. அவள் வீட்டுக்குள் போன காசிமாயன் முதன்முறையாகக் கையை விரித்துச் சோம்பல் முறித்தான், "பவுனு" என்று கூப்பிட்டான், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததும் பயந்து வெளியே வந்துவிட்டான்.

ஆயுத பூஜையன்று வழக்கம்போல மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சாத்தினார்கள். பொரி கடலை கொடுத்து முடித்ததும் ஒவ்வொருத்தியும் தன் மெஷின்மேல் தன் போர்வையை விரித்தாள். சின்ன முதலாளி தரணீதரன், அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த முப்பது வயதுக்காரர், கைகட்டி நின்று பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. மெஷினுக்கும் லீவு விட்டாச்சு," என்று சிரித்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் கூச்சமும் கொஞ்சம் இருந்தது என்று பின்னால் அமுதசெல்வி சொன்னாள்.

விஜயதசமி காலை மூன்று லாரிகளோடு காசிமாயனும் பதினோரு ஆட்களும் கம்பெனிக்குள் போனார்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம். பவுனுத்தாய் கம்பி வழியாகப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, எனக்காகச் சும்மா பாவலா காட்டாதீங்க. முழுப் பலத்தையும் போட்டுத் தூக்குங்க. அப்பத்தான் அவங்களுக்கு வெளங்கும்."

"நான் என்னைக்குடி அரைப் பலத்துல தூக்கியிருக்கேன்?" என்றான் காசிமாயன், நிஜமாகவே கோபமாக.

அவன் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து, செருப்பு வார் அறுந்து தூக்கினான். ஒருவன் தூக்கி, நால்வர் தூக்கி, பன்னிரண்டு பேரும் ஒரே மெஷினைச் சுற்றி நின்று ஐலசா போட்டுத் தூக்கினார்கள். போர்வையைக் கத்தரித்துப் பார்த்தார்கள், கத்தரி எண்ணெயில் போல வழுக்கியது. மத்தியானம் சுவரில் ஒரு பக்கத்தை இடித்துக் கிரேனைக் கொண்டுவந்தார்கள். சங்கிலி இறுகியது, மெஷின் அசையவில்லை, கிரேனின் பின்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பி அந்தரத்தில் சுற்றின. தரையோடு பெயர்த்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அமுதசெல்வியின் மெஷினைச் சுற்றித் தளத்தை உடைத்து, அடியில் இடுப்பளவு ஆழத்துக்கு மண்ணை அள்ளினார்கள். அள்ளி முடித்துப் பார்த்தபோது மெஷின் இருந்த உயரத்திலேயே, கீழே பிடிப்பு ஏதுமில்லாமல், குழிக்குமேல் நின்றுகொண்டிருந்தது. காற்றில் போர்வையின் ஓரம் மட்டும் படபடத்தது. கிரேன்காரர் இறங்கிவந்து, சட்டைப்பையிலிருந்த சூடத்தைக் கொளுத்திக் காட்டிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

காசிமாயன் கேட்டுக்கு வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்தான். "இந்த ஊர்ல நான் தூக்காத சுமை இல்ல," என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது வருத்தமா பெருமையா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊர் அதைப் பார்க்க வந்தது. கடலை வண்டிக்காரர் வந்தார், பஞ்சுமிட்டாய்க்காரர் வந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து குழிக்குமேல் நிற்கும் மெஷினைக் காட்டி ஆசிரியர் ஏதோ விளக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விசாரணைக்கு வந்த அதிகாரியின் படிவத்தில் இயந்திரம் தரையில் பொருத்தப்பட்டது, பொருத்தப்படாதது என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. அவர் குழியைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்து, கீழே ஒரு கட்டம் தானே வரைந்து, "நிற்கிறது" என்று எழுதிக்கொண்டு போனார்.

தரணீதரன் பேச்சுவார்த்தைக்கு வந்தார்.

"உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க."

"மெஷின் இங்கயே ஓடணும், நாங்க இங்கயே தைக்கணும்," என்றாள் அமுதசெல்வி.

"பாதி மெஷின் போகட்டும், பாதி இருக்கட்டும். நான் இறங்கி வரேன், நீங்களும் இறங்கி வாங்க."

"நாங்க இறங்க எடம் எங்கங்க இருக்கு? தரையைத்தான் தோண்டிட்டீங்களே."

அவர் இடித்த சுவரை அடைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனார். காத்திருந்தால் போதும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொன்னவர் விவரமானவர்தான். ஐப்பசி மழை பெய்தது. கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டிப் பெண்கள் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் அங்கேயே பாடம் எழுதினார்கள், எங்கள் அடுப்புகளில் ரசம் மேலும் மேலும் தெளிந்துகொண்டே போனது. கார்த்திகையில் ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டுப் புது இடத்தில் சூப்பர்வைசர் வேலை என்றார்கள். ஏழு பேர் போனார்கள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்து, தாங்கள் விரித்த போர்வையைத் தங்கள் கையாலேயே எடுத்தார்கள். ஏழு மெஷின்கள் சாதாரண இரும்பைப் போலச் சாதாரணமாக லாரியில் ஏறின. ஏழு பேரும் போர்வைகளை மடித்துப் பவுனுத்தாயிடம் நீட்டினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் பதினோரு வருஷத்தை வெட்டிக் குடுத்தேன்டி ஒங்களுக்கு," என்றாள். அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"அக்கா, அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு," என்றாள் அமுதசெல்வி.

"இருக்கட்டும். நான் கோபப்படக் கூடாதா?"

"கோபப்படு. போர்வையை வாங்கிக்க. குளிருது."

வாங்கிக்கொண்டாள். அந்த ஏழு போர்வைகளையும் தார்ப்பாய்க்குள் குளிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டாள். அதன் பிறகு அந்தப் பிள்ளைகளைக் கேட்டிலிருந்து கிளப்ப வந்தவர்களின் பாடு பெரும்பாடாகிவிட்டது.

மார்கழியில் தரணீதரன் விட்டுக்கொடுத்தார். புது இடத்தில் கட்டடம் இருந்தது, ஏழு மெஷின்கள் இருந்தன, மிச்சத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. கப்பலுக்குப் போக வேண்டிய சட்டைகள் தைக்கப்படாமல் துணியாகவே இருந்தன. முப்பத்துநாலு பேரும் திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வரலாம் என்று அறிவிப்பு ஒட்டினார். குழியை மூடித் தளம் போட்டாகிவிட்டது என்றும் எழுதியிருந்தார். அறிவிப்பின் கடைசி வரியில், கட்டிங் செக்‌ஷனைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணிக்கு மட்டும் இனி வேலை இல்லை என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை பவுனுத்தாய் தலைக்குக் குளித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, முப்பத்துநாலு பேருக்கும் முன்னால் நடந்துபோய்க் கேட்டுக்குள் நுழைந்தாள். அவள்மேல் போர்வை ஏதும் இல்லை. இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருந்தாள், முதலில் தைத்த இரண்டும்கூட யார் வீட்டிலோ இருந்தன. பருத்திச் சேலையும் ரப்பர் செருப்புமாக, யார் வேண்டுமானாலும் தூக்கிவிடக்கூடிய ஐந்தடிப் பெண்ணாக இருந்தாள்.

வாட்ச்மேன் மாரப்பனும் இன்னொரு காவலாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, அலுங்காமல் தூக்கிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினார்கள். மெஷின்களின் போர்வையை எடுக்கக் கைநீட்டிய பெண்கள் அதைப் பார்த்தார்கள். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பவுனுத்தாய் சேலையை உதறி, கொசுவத்தைச் சரிசெய்து, உள்ளே வந்தாள். மறுபடி தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். உள்ளே வந்தாள். பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து உள்ளே வந்தாள். மூன்றாம் தடவை, ஐந்தாம் தடவை, எட்டாம் தடவை. ஒரு தடவை ஆட்டோவில் ஏற்றி ரயில்வே கேட்டைத் தாண்டி இறக்கிவிட்டார்கள், அவள் அதே ஆட்டோவில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள், ஆட்டோக்காரர் வாசலில் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை, ஒரு தடவை வழியில் நின்று டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்ற நாங்கள் ஆரம்பத்தில் கோஷம் போட்டோம். பிறகு கோஷம் தேவையில்லாமல் போய், அவள் வரும்போதெல்லாம் வழிவிட்டு நிற்பது மட்டும் செய்தோம். காசிமாயன் ஒவ்வொரு தடவையும் அவள் செருப்பைத் துடைத்துக் கொடுத்தான். உள்ளே முப்பத்துநாலு பெண்கள் மடியில் கை வைத்தபடி, முப்பத்துநாலு போர்வைகளுக்கு முன்னால், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் தரணீதரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு, பதினேழாம் தடவையாக அவள் கேட்டைத் தாண்டி வந்தபோது, மாரப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. தரணீதரன் படியிறங்கி வந்தார்.

"என்னங்க, ஒரு பொம்பளையத் தூக்க முடியலீங்களா உங்களுக்கு?"

"தூக்குறதுக்கு என்னங்க," என்றார் மாரப்பன். "எடையே இல்லீங்க அந்தம்மா. எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போய் விட்டுர்றேன். ஆனா விட்ட எடத்துல இருக்க மாட்டேங்குறாங்களே."

தரணீதரன் அவரைப் பார்த்தார், பவுனுத்தாயைப் பார்த்தார். அவள் நிற்கவில்லை, அவரைக் கடந்து, டிபன் பாக்ஸை ஜன்னலில் வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிங் செக்‌ஷனுக்குள் போனாள். மூன்று மாதத் தூசியில் அவள் விளக்குமாறு உரசுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அமுதசெல்வி எழுந்து தன் போர்வையை மெஷினின் தலையிலிருந்து எடுத்தாள். எடுத்து, இனியும் மெஷினையோ தன்னையோ யாரும் தூக்கிவிடாதபடி, ஒரு நுனியை மெஷினின் காலில் சுற்றி, மறுநுனியைத் தன் மடிமேல் போட்டுக்கொண்டு, பெடலை மிதித்தாள்.